சித்தி போட்ட சண்டைக்கு 30 மார்க்

கோபிச்செட்டிபாளையத்திலிருந்து ஓர் அக்கா கேட்டிருந்தார்: "பள்ளி விழாவில் என் மகள் பாடும்போது குரல் உடைஞ்ச இடத்தை மட்டும் வெட்டி, எவனோ வீடியோவாப் போட்டுட்டானுங்க. என் தங்கச்சி அதுக்குக் கீழே கமெண்டுல போய் சண்டை பிடிச்சு நாலு வார்த்தை எழுதினா. அதுக்கப்புறம்தான் ஊரே பார்த்துச்சு. அது எப்படிங்க?"

தங்கச்சி மேல் தப்பில்லைங்க, கணக்கு அப்படி. 2018இல் ஃபேஸ்புக் தன் ஃபீடை (திறந்ததும் வரிசையாக வருகிற பதிவுகளை) மாற்றியபோது லைக்குக்கு 1, கோப முகம் மாதிரியான எமோஜிக்கு 5, கொஞ்சம் கனமான கமெண்டுக்கு 30 என்று மார்க் வைத்திருந்ததாக 2021இல் கசிந்த ஆவணங்கள் காட்டின. பிறகு எண்கள் மாறின, 2020இல் கோப முகத்துக்குப் பூஜ்யமே கொடுத்துவிட்டார்கள்.

எனக்குப் பிடித்த இடம் அடுத்தது. நீங்கள் போனைத் திறந்ததும் ஒவ்வொரு பதிவுக்கும் 'இந்தம்மா லைக் போட எவ்வளவு வாய்ப்பு, கமெண்ட் போட எவ்வளவு வாய்ப்பு' என்று எந்திரம் ஊகித்து, அதை மார்க்கால் பெருக்கிக் கூட்டி வரிசை போடுகிறது. அந்த 2018 மார்க்கையே வைத்துப் பார்ப்போம். தடப்பள்ளி வாய்க்கால் படம் ஒன்றுக்கு ஐந்தில் ஒரு தடவை லைக் போடுவீர்கள் என்று வைத்துக்கொள்வோம்: 0.2 × 1 = 0.2. அந்த வீடியோவில் ஐம்பதில் ஒரு தடவைதான் சண்டைக்குப் போவீர்கள்: 0.02 × 30 = 0.6. வாய்க்கால் கீழே போய்விட்டது! சித்தி திட்டினாரா தாங்கினாரா என்பது இந்தப் பெருக்கலில் எங்குமே வரவில்லை பாருங்கள். அவர் எழுதியதைப் பார்த்து அவருடைய சேக்காளிகளும் எழுதுவார்கள் என்று ஊகம் இன்னும் ஏறும்.

பாட்டி 'கண்ணு பட்டிருச்சு' என்று மிளகாய் சுற்றிப் போட்டாராம். மிளகாய்தான் வீண்.

சரி, மோசமான கமெண்டைத் தடுக்கிற எந்திரம்? கெட்ட வார்த்தை என்றால் ஓரளவு பிடிக்கும். ஆனால் 'லூசு' என்பதையே ஆங்கில எழுத்தில் நாலு விதமாக அடிக்கிறோம். அதைவிட மோசம் நம்ம ஊர் மரியாதை: "ஏனுங் கண்ணு, அருமையாப் பாடறீங்க, இன்னொருக்கா பாடுங்க." எந்திரத்துக்கு இது பாராட்டு, அந்தப் பிள்ளைக்கு மறுநாள் பள்ளிக்கூடம் போக முடியாது. இந்த நக்கலைப் படித்துக் குறித்து வைக்கக் கொங்குத் தமிழ் தெரிந்த ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும்; அதற்குக் காசை எடுக்க மனசு வர வேண்டுமே.

அக்கா, முதலில் தேதியும் லிங்க்கும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அந்தச் செயலியிலேயே ரிப்போர்ட் அடியுங்கள், தேசிய சைபர் கிரைம் இணையதளத்திலும் புகார் கொடுங்கள். தங்கச்சியைக் கமெண்டில் எழுத வேண்டாம், நேரே வீட்டுக்கு வந்து பிள்ளையோடு ரெண்டு நாள் இருக்கச் சொல்லுங்கள்.