புறநகரில் குடியேறுகிறீர்களா? பக்கத்து மனையின் கழிவுக் குழியையும் பாருங்கள்

நகரத்தைத் தாண்டி ஒரு லே-அவுட் போடுகிறார்கள். முதலில் நாலைந்து வீடுகள்தான் வரும். மனைக்கு ஒரு போர்வெல், ஒரு செப்டிக் டேங்க். சில வருடங்கள் ஒரு குறையும் தெரியாது. அப்புறம் காலி மனைகள் நிரம்பும், மாடிக்கு மேல் மாடி ஏறும். பாதாளச் சாக்கடை மட்டும் வந்து சேர்ந்திருக்காது. நிலத்தடி நீரைப் பரிசோதிப்பது என் தொழில். புறநகர்க் கிணறுகள் கெடுவதை அதிகமும் இந்த இடைப்பட்ட காலத்தில்தான் பார்க்கிறேன்.

கழிவுநீரை செப்டிக் டேங்கே சுத்தம் செய்துவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். அது செய்வது பாதி வேலைதான். கசடு அடியில் தங்கும், எண்ணெய்ப் பிசுக்கு மேலே மிதக்கும், நடுவில் இருக்கும் நீர் வெளியேறி மண்ணுக்குள் இறங்கும். மீதி வேலை மண்ணுடையது. வீடுகள் தள்ளித் தள்ளி இருந்தால் மண் சமாளிக்கும், நெருங்கினால் திணறும். களிமண்ணாக இருந்தால் நீர் இறங்காமல் மேலே பொங்கும். பருமணலிலும் விரிசல் விட்ட பாறையிலும் சரியாக வடிகட்டப்படாமலே கிணறு வரை போய்விடும்.

இது முன்பே நடந்த கதை. நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில் 1947-ல் லெவிட்டவுன் என்ற புறநகர்க் குடியிருப்பு எழும்பத் தொடங்கியது. சில வருடங்களிலேயே 17,000-க்கும் மேற்பட்ட வீடுகள். அதைத் தொடர்ந்து சுற்றிலும் புறநகர்கள் பெருகின. அங்கே குடிநீர் எடுத்தது நிலத்தடியில், பெரும்பாலான வீடுகளின் கழிவுநீர் இறங்கியதும் அதே மணலில். கடைசியில் டிடர்ஜென்ட் கலந்து குழாய்த் தண்ணீரே நுரைத்தது. 1970-களின் தொடக்கத்தில் அங்குள்ள சஃபோக் கவுண்டி (மாவட்டம் போன்றது) டிடர்ஜென்ட் விற்பனையையே தடை செய்தது.

நுரையாவது கண்ணுக்குத் தெரியும். கழிவுநீரிலிருந்து நிலத்தடி நீரில் சேரும் நைட்ரேட்டுக்கு நிறமோ மணமோ சுவையோ கிடையாது. குடிநீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அதைத் தாண்டிய நீரில் பால்மாவு கரைத்துக் கொடுத்தால், பச்சிளம் குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறையும். உடல் நீலம் பாரிக்கலாம். தயவுசெய்து இதை மறக்காதீர்கள்: கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. நீர் ஆவியாகிச் சுண்டுவதால் அதன் செறிவு கூடத்தான் செய்யும்.

ஒரு வீட்டுக்குப் போனால் நான் முதலில் பார்ப்பது போர்க் குழாயின் வாயை. அது தரையோடு தரையாக இருக்கும், சுற்றிலும் சிமென்ட் மேடை இருக்காது, துவைத்த தண்ணீர் அங்கேயே தேங்கி நிற்கும். குழாயை ஒட்டிய இடுக்கு வழியாக அழுக்கு நேராக உள்ளே இறங்கிவிடும். அடுத்து மதில் சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பேன். உங்கள் செப்டிக் டேங்க் தள்ளி இருக்கலாம், பக்கத்து வீட்டுக் குழி உங்கள் போருக்கு மூன்று அடியில் இருக்கலாம். கிணற்றுக்கும் கழிவுக் குழிக்கும் நடுவே குறைந்தது 15 மீட்டர், சில இடங்களில் 30 மீட்டர் என்று விதிகள் கேட்கின்றன. சின்ன மனைகளில் அதற்கு இடமே இருப்பதில்லை.

செப்டிக் டேங்க் கசடை மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை எடுங்கள். தண்ணீரைத் தனித்தனியாகப் பரிசோதிப்பதைவிட, தெருவுக்கு நாலு கிணறு என்று ஒரே நாளில் மாதிரி எடுப்பது நல்லது. மழைக்குப் பின் எடுத்தால் இன்னும் நல்லது. ஈ.கோலை (மலக் கழிவு கலந்ததைக் காட்டும் பாக்டீரியா), நைட்ரேட், குளோரைடு (உப்பில் இருப்பது) மூன்றின் அளவையும் ஆய்வகத்தில் கேட்டு வாங்குங்கள். நைட்ரேட்டும் குளோரைடும் வருடா வருடம் சேர்ந்து ஏறினால் கழிவுநீர்மேல்தான் முதல் சந்தேகம். பாதாளச் சாக்கடை கேட்டு மனு கொடுக்கும்போது அந்த அறிக்கைகளையும் சேர்த்துக் கொடுங்கள்.