கீழ்வீட்டில் ஃப்ரீசர்

போன மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டில் பால் திரிந்தது. ஆயா பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இன்னாடா இது, ஃப்ரிட்ஜ்ல வெச்ச பாலு வெதுவெதுன்னு இருக்குது" என்றார். குனிந்து கீழே இருக்கிற ஃப்ரீசர் கதவைத் திறந்தால், ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டில் வாங்கிப் போட்ட சங்கரா மீன் கல் மாதிரிக் கிடக்கிறது. மேலே கத்திரி வெயில், கீழே மார்கழி. எதிர்வீட்டு அண்ணன் வந்து எட்டிப் பார்த்து, "கேஸ் போயிருக்கும்" என்று தீர்ப்பு சொன்னார். போனில் கூப்பிட்ட முதல் மெக்கானிக் ஃப்ரிட்ஜைப் பார்க்காமலே அதையே சொல்லி, 3,500 ரூபாய் ஆகும் என்றார்.

கேஸ் போகவில்லை. அதற்குச் சாட்சி அந்தச் சங்கரா மீன்தான்.

ஃப்ரிட்ஜ் செய்கிற வேலை, உள்ளே இருக்கிற சூட்டை வாரி வெளியே கொட்டுவது. இப்போது வருகிற பெரும்பாலான வீட்டு ஃப்ரிட்ஜ்களில் அதற்காகக் குழாயில் ஓடுகிற 'கேஸ்', ஆர்600ஏ என்கிற ஐசோபியூட்டேன், சமையல் கேஸுக்குப் பங்காளி. சாதாரணக் காற்றழுத்தத்தில் இது மைனஸ் 12 டிகிரியிலேயே கொதிக்கும். அழுத்தத்தைக் குறைத்தால் மைனஸ் 25-க்கும் கீழே கொதிக்க வைக்கலாம். எந்தத் திரவமும் கொதிப்பதற்குச் சூடு வேண்டும், அந்தச் சூட்டைச் சுற்றியுள்ள காற்றிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். ஃப்ரீசருக்குள் சுருளாக ஓடும் அலுமினியக் குழாயில் நடப்பது இந்தக் கொதிப்புதான். கொதித்து ஆவியானதை கம்ப்ரஸர் அழுத்தி, பக்கச் சுவருக்குள் பதித்த குழாய்களுக்கு அனுப்ப, அங்கே சூட்டை இறக்கிவிட்டுத் திரும்பத் திரவமாகிறது. ஃப்ரிட்ஜின் பக்கவாட்டைத் தொட்டுவிட்டு "சுடுதே, வெடிச்சிடுமா" என்று பயப்படுகிறவர்கள் நிறையப் பேர். சுடத்தான் வேண்டும். உங்கள் மீனில் இருந்த சூடு அது. அது வெளியேற இரண்டு பக்கமும் நாலு விரல் இடமாவது விடுங்கள், அவ்வளவுதான்.

இதில் கவனிக்க வேண்டியது, என் வீட்டு மாடலில் இந்தக் குளிர்ச் சுருள் ஒன்றே ஒன்று, அதுவும் ஃப்ரீசரின் பின்சுவருக்குள். காய்கறி இருக்கும் அறைக்கென்று தனிச் சுருள் கிடையாது. (இரண்டு சுருள் வைத்த விலை கூடிய மாடல்களும் உண்டு, அவற்றின் கதை வேறு.) ஆக, கேஸ் முழுக்கப் போயிருந்தால் மீனும் உருகியிருக்க வேண்டும். மீன் கல்லாக இருக்கிறது என்றால் கீழே குளிர் உண்டாகிக்கொண்டுதான் இருக்கிறது, மேலே வந்து சேரவில்லை.

ஏன் வரவில்லை என்பதில்தான் கீழ் ஃப்ரீசரின் மொத்த ஜாதகமும் இருக்கிறது.

காசிமேட்டில் மீன் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். ஐஸ் பாரை நொறுக்கி மீனின் மேலே கொட்டுவார்கள். உருகிய தண்ணீரும் குளிர்ந்த காற்றும் தானாக இறங்கி அடி மீன் வரைக்கும் போய்விடும். மேலே ஃப்ரீசர் வைத்த பழைய ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜும் அப்படித்தான்: குளிர்காற்று கனமானது, தானாக விழும், ஃபேனே தேவையில்லை. மைனஸ் 18 டிகிரிக் காற்று, 5 டிகிரிக் காற்றைவிட ஏறக்குறைய 9 சதவீதம் கனம். ஃப்ரீசரைக் கொண்டுபோய்க் கீழே வைத்தால் இந்தக் கனம் நமக்கு எதிராகத் திரும்புகிறது. குளிர் தரைத்தளத்தில் இருக்கிறது, அது வேண்டியவர்கள் மாடியில் குடியிருக்கிறார்கள். வடசென்னையில் இதை விளக்கவே வேண்டாம்: அடிபம்பு கீழே, குடித்தனம் மேலே, யாராவது குடத்தைத் தூக்கிக்கொண்டு படியேற வேண்டும். இங்கே படியேறுகிற ஆள், சுருளுக்குப் பக்கத்தில் இருக்கும் உள்ளங்கை அகல ஃபேன். அது குளிர்காற்றைப் பின்சுவருக்குள் இருக்கும் வழியில் தள்ளி மேலே ஏற்றுகிறது. மேலே எவ்வளவு விட வேண்டும் என்று பார்த்துத் திறந்து மூட ஒரு சின்னக் கதவும் வழியில் இருக்கிறது.

அப்படியென்றால் எதற்கு இந்த வீண் வேலை என்று கேட்கலாம். நாம் குனிகிற கணக்குதான் காரணம். ஒரு நாளில் மேல் கதவை முப்பது தடவை திறக்கிறோம். மாவு, தயிர், தக்காளி, நேற்றைய குழம்பு எல்லாம் அங்கே. ஃப்ரீசரைத் திறப்பது இரண்டு மூன்று தடவை. முட்டி வலிக்கிற ஆயாவுக்கு மாவுப் பாத்திரம் இடுப்பு உயரத்தில் இருப்பது பெரிய நிம்மதி. அப்புறம் இழுப்பறைகள். ஒரு டிராயரை இழுத்தால் அதிலிருக்கும் குளிர்காற்று தொட்டியில் தண்ணீர் மாதிரி பெரும்பாலும் அதிலேயே தங்குகிறது. தட்டு மட்டும் வைத்த ஃப்ரீசரில் கதவைத் திறந்ததும் குளிர் காலில் கொட்டிவிடும்.

சரி, எங்கள் ஃபேனுக்கு என்ன ஆயிற்று? இரண்டாவதாக வந்த மெக்கானிக், கொருக்குப்பேட்டைப் பையன், இருபத்தைந்து வயதுதான் இருக்கும். கையில் டூல் எதையும் எடுக்கவில்லை. மேல் கதவைத் திறந்தான், கதவு மூடினால் அழுந்துகிற சின்ன பட்டன் ஸ்விட்ச்சை விரலால் அழுத்திப் பிடித்தான், விளக்கு அணைந்தது. அப்படியே மறு கையை உள்ளே காற்று வருகிற துவாரத்தின் முன்னால் வைத்தான். பல மாடல்களில் கதவைத் திறந்தால் ஃபேன் நின்றுவிடும். ஃப்ரிட்ஜை ஏமாற்றி 'கதவு மூடியாச்சு' என்று நம்ப வைத்தால்தான் ஃபேன் ஓடுகிறதா என்று தெரியும். "ஃபேன் ஓடுது ஆயா, சத்தம் வருது. காத்துதான் வரல. உள்ள ஐஸ் அடைச்சிருக்கு" என்றான்.

ஃப்ரீசரின் பின்பலகையைக் கழற்றியதும் பார்த்த காட்சியை மறக்க முடியாது. சுருள் என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. இட்லித் துணியை ஈரத்தோடு இறுக்கிச் சுற்றியது மாதிரி, மேலிருந்து கீழ் வரை ஒரே வெள்ளைப் பாளம். அதன் வழியாக ஃபேன் எப்படிக் காற்றை இழுக்கும்? பாளத்தை ஒட்டியே இருப்பதால் மீன் பல நாள் கெட்டியாகவே இருக்கும், மாடிக்கு மட்டும் சப்ளை கட்.

அவ்வளவு ஐஸுக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்றால், நம் ஊர்க் காற்றிலிருந்துதான். 32 டிகிரி வெயிலும் 75 சதவீத ஈரப்பதமும் இருக்கும் கடலோரக் காற்றில், ஒரு கன மீட்டருக்குச் சுமார் 25 கிராம் நீராவி இருக்கிறது. கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் 100 லிட்டர் காற்று உள்ளே மாறுவதாக வைத்துக்கொண்டால், இரண்டரை கிராம் தண்ணீர் உள்ளே போகிறது. முப்பது தடவைக்கு 75 கிராம், ஒரு டீ கிளாஸ் அளவு. உள்ளேயே மிகக் குளிர்ந்த இடம் சுருள் என்பதால், சுற்றும் காற்று தன் ஈரத்தைக் கடைசியில் அங்கேதான் உறைபனியாக இறக்கிவிடும். மூடாமல் வைத்த ரசமும் ஈரக் கீரையும் தங்கள் பங்கைச் சேர்க்கின்றன.

இதைத் தெரிந்துதான் ஃப்ராஸ்ட்-ஃப்ரீ (பனியைத் தானே உருக்கிக்கொள்ளும்) ஃப்ரிட்ஜில் சுருளுக்கு அடியில் ஒரு ஹீட்டர் வைத்திருக்கிறார்கள். ஆமாம், ஃப்ரீசருக்குள் ஹீட்டர். பல மணி நேரம் ஓடியதும் கம்ப்ரஸர் நிற்கும், ஹீட்டர் இருபது முப்பது நிமிஷம் சுடும், பனி உருகிச் சொட்டும். ஐஸ் முழுக்க உருகியதும் ஹீட்டரை நிறுத்த சுருளில் மாட்டிய பைமெட்டல் (சூடேறினால் வளைந்து கரண்டை அறுக்கும் இரட்டை உலோகத் தகடு) அல்லது சென்சார் இருக்கிறது. அது தவறி சூடு 70 டிகிரியைத் தாண்டிப் போனால் எரிந்து வழியை அறுத்துவிட ஒரு ஃப்யூஸும் உண்டு. இந்தச் சாமான்களில் ஒன்று செத்தாலும் பனி உருகாமல் ஏறிக்கொண்டே போகும். எங்கள் வீட்டில் செத்தது பைமெட்டல். சாமான் விலை சில நூறு ரூபாய்தான். 3,500 கொடுத்து கேஸ் அடித்திருந்தால், அந்த வேலைக்காக ஃப்ரிட்ஜை அணைத்து வைக்கும்போது ஐஸ் தானாக உருகியிருக்கும், ஒரு வாரம் நன்றாக ஓடியிருக்கும், அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி.

இதையே நீங்கள் வீட்டில் சோதனையாகச் செய்து பார்க்கலாம். சாமான்களை எடுத்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, கதவுகளைத் திறந்து ஒரு முழு நாள் விட்டுவிடுங்கள், கீழே பழைய துணி போட்டு. மறுபடி ஓட்டினால் சில நாள் மேலும் கீழும் அருமையாகக் குளிர்ந்து பின்பு மேல் அறை மட்டும் சூடேறினால், கோளாறு பனி உருக்குகிற பகுதியில் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். அவசரப்பட்டுக் கத்தியால் மட்டும் குத்தாதீர்கள். அலுமினியக் குழாய் மெல்லிசு, உள்ளே ஓடுவது தீப்பிடிக்கிற வாயு.

உருகிய தண்ணீர் போகும் வழி கீழ் ஃப்ரீசருக்கு இரண்டாவது தலைவலி. சுருளுக்கு அடியில் ஒரு துளை, அதிலிருந்து குட்டையான ஒரு குழாய், அது கம்ப்ரஸர் மேல் இருக்கும் தட்டில் போய்ச் சொட்டும், அங்கே கம்ப்ரஸர் சூட்டில் ஆவியாகித் திரும்ப நம் சமையலறைக் காற்றிலேயே கலந்துவிடும். துளை உறைந்தோ அழுக்கேறியோ அடைத்தால் தண்ணீர் ஃப்ரீசர் தரையில் வழிந்து கண்ணாடித் தகடு போல உறையும். அடி டிராயர் முழுசாக உள்ளே போகாது. டிராயர் அரை விரல் துருத்தினால் கதவு ஒட்டாது, ஒட்டாத இடுக்கில் ஈரக்காற்று நுழையும், இன்னும் ஐஸ். டிராயர் முன்பு மாதிரி போகவில்லையே என்று தோன்றினால் காலால் தள்ளாமல் (நான் ஒரு மாதம் அதைத்தான் செய்தேன்) அடியில் தடவிப் பாருங்கள். பிளக்கை எடுத்துவிட்டு, பின்பலகை கழற்றத் தெரிந்தவரைக் கொண்டு அந்தத் துளையில் ஊசியில்லாத சிரிஞ்சால் வெந்நீர் விட்டால் பெரும்பாலும் திறந்துகொள்ளும்.

கதவு ரப்பரைச் சோதிக்கப் பத்து ரூபாய்த் தாள் போதும். தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள், நாலு பக்கமும். வழுக்கிக்கொண்டு வரும் இடத்தில் ரப்பர் தளர்ந்திருக்கிறது. சோப்புத் தண்ணீரில் துடைத்தாலே பாதி சரியாகும்.

உப்புக் காற்று தனிப் பிரச்சினை. செம்புக் குழாயும் அலுமினியக் குழாயும் சேரும் இணைப்பில் உப்பு ஈரம் படிந்தால் அது குட்டி பேட்டரி மாதிரி வேலை செய்து அலுமினியத்தை அரிக்கும். கப்பலின் இரும்பு உடம்பைக் காப்பாற்றத் துத்தநாகக் கட்டியைப் பலிகொடுப்பார்களே, அதே வேதியியல், இங்கே பலியாவது நம் குழாய். வருஷத்துக்கு இரண்டு முறை பிளக்கை எடுத்துவிட்டுப் பின்பக்கம் கம்ப்ரஸர் பகுதியை உலர்ந்த பிரஷால் தட்டி எடுங்கள். எங்கள் பக்கம் வருகிற கறுப்புத் தூசியைப் பார்த்தால் ஃப்ரிட்ஜும் எங்களோடு சேர்ந்துதான் மூச்சு விடுகிறது என்று தெரியும்.

மீன் வைக்கிற விஷயத்தில் ஒரு கணக்கு. 30 டிகிரியில் இருக்கும் 3 கிலோ மீனை மைனஸ் 18-க்குக் கொண்டுபோகச் சுமார் 1,200 கிலோஜூல் சூட்டை எடுக்க வேண்டும், அதில் பாதிக்கும் மேல் மீனுக்குள் இருக்கிற தண்ணீரை உறைய வைப்பதற்கே செலவாகும். மூன்று கிலோவையும் ஒரே பையில் உருட்டிப் போட்டால் நடுவில் உறைவதற்கு ரொம்ப நேரம் பிடிக்கும். மெதுவாக உறையும்போது பனிப் படிகங்கள் பெரிதாகி சதையின் செல்களைக் கிழித்துவிடும், உருக வைக்கும்போது சாறு முழுக்கத் தட்டில் நிற்கும். வஞ்சிரம் துண்டைத் தட்டையாக, ஒரே அடுக்காக, சின்னச் சின்னப் பையில் போடுங்கள். பின்சுவரில் காற்று வரும் துவாரத்தை மறைக்காதீர்கள், மேல் அறையிலும்தான். மாவுப் பாத்திரத்தைத் துவாரத்தில் முட்டி வைத்துவிட்டு ஃப்ரிட்ஜைத் திட்டிய வீடுகள் எனக்குத் தெரியும், எங்கள் வீட்டையும் சேர்த்து.

கடைகளில் சொல்லாத ஒன்று: ஃப்ரீசர் கீழே இருந்தால் வெள்ளத்தில் முதலில் மூழ்குவதும் அதுதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, புளியந்தோப்புப் பக்கம் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் நின்றது. கம்ப்ரஸர் பெரும்பாலான மாடல்களில் அடியில்தான், ஆனால் இதில் சாப்பாட்டுப் பொருளும் அடியில். தரைத்தளத்தில் இருப்பவர்கள் உறுதியான உயர ஸ்டாண்ட் போடாமல் இந்த வகையை வாங்காமல் இருப்பது நல்லது என்பது என் கட்சி. தண்ணீர் புகுந்திருந்தால் காய்ந்துவிட்டது போலத் தெரிந்தாலும் மெக்கானிக் பார்க்காமல் பிளக் போடாதீர்கள். தண்ணீர் வராமல் கரண்ட் மட்டும் போனால், நிரம்பிய ஃப்ரீசர் திறக்காமல் வைத்தால் சுமார் 48 மணி நேரம் தாங்கும், பாதி நிரம்பியது 24. ஃபேன் நின்ற மேல் அறைக்கு 4 மணி நேரம்தான் கணக்கு. முதலில் பாலைக் காய்ச்சுங்கள், மீன் காத்திருக்கும்.

பைமெட்டல் மாற்றி ஒரு வருஷம் ஆகப்போகிறது. ஆயாவுக்கு இப்போது ஒரு பழக்கம். ராத்திரி பால் வைப்பதற்கு முன்னால் கதவு ஸ்விட்ச்சை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு, மறு கையை அந்தத் துவாரத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் வைத்திருப்பார். "காத்து வருது" என்று யாரிடமும் இல்லாமல் சொல்லிவிட்டுப் பாலை உள்ளே வைப்பார்.