கைதோடு முடிந்துவிடும் கதைகள்

குற்றவியல் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞரிடம் முதன்முறையாக வரும் குடும்பத்தினர், வழக்கின் விவரங்களோடு சில எதிர்பார்ப்புகளையும் கொண்டுவருகின்றனர். கண்காணிப்புக் கேமராப் பதிவு எப்படியும் இருக்கும் என்று நம்புகின்றனர். மரபணுச் சோதனை ஓரிரு நாளில் உண்மையைச் சொல்லிவிடும் என்று நினைக்கின்றனர். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்புச் சாட்சி தடுமாறி, கண்ணீரோடு எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வார் என்று காத்திருப்பவர்களும் உண்டு. பாதிக்கப்பட்டவரின் குடும்பமானாலும் குற்றம் சாட்டப்பட்டவரின் குடும்பமானாலும் இதில் பெரிய வேறுபாடு இல்லை. நீதிமன்றப் படியேறியிராத பெரும்பான்மையினருக்குச் சட்டத்தைக் கற்பித்தவை திரைப்படம், தொலைக்காட்சி, நாளிதழ், இப்போது கைப்பேசி. அதற்காக அவர்களைக் குறைசொல்ல முடியாது. வேறு எவரும் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை. ஆனால் அந்தப் பாடத்தில் ஒரு பகுதி தொடர்ந்து விடுபடுகிறது. திரையிலும் செய்தியிலும் கதை கைதோடு முடிகிறது. சட்டத்தின் வேலையோ அங்கேதான் தொடங்குகிறது. விடுபடும் அந்தப் பகுதி தனிப்பட்ட வழக்குகளைப் பாதிப்பதோடு நிற்பதில்லை, நாட்டின் தண்டனைக் கொள்கையையே தீர்மானிக்கும் அளவுக்குப் போகிறது என்பதே நான் சொல்ல வருவது.

ஒப்புதல் வாக்குமூலத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். ஒருவர் கைதான மறுநாளே "பரபரப்பு வாக்குமூலம்" என்ற தலைப்பில், கொலையை எப்படித் திட்டமிட்டார், கத்தியை எங்கே வாங்கினார் என்பதெல்லாம் அவரே பேசுவதுபோல அச்சாகிவிடுகிறது. வாசகரின் மனத்தில் வழக்கு அன்றே தீர்ந்துவிடுகிறது. சில ஆண்டுகளுக்குப் பிறகு நீதிமன்றம் அந்த வாக்குமூலத்தைச் சாட்சியமாக ஏற்க மறுக்கும்போது, சட்டத்தின் ஓட்டை வழியாக ஒரு கொலைகாரர் தப்பிவிட்டார் என்ற கசப்பே மிஞ்சுகிறது. காவல் அதிகாரியிடம் அளித்த ஒப்புதலை, அளித்தவருக்கு எதிராக மெய்ப்பிக்கக் கூடாது என்பது 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியமும் தன் 23-ஆம் பிரிவில் அதையே சொல்கிறது. இந்த விதி தவறுதலாக நுழைந்த ஒன்றன்று. 1855-இல் சென்னை மாகாணத்தில் சித்திரவதை பற்றி விசாரித்த ஆணையம், வரி வசூலிலும் காவல் விசாரணையிலும் மக்கள் எப்படியெல்லாம் வதைக்கப்பட்டனர் என்பதைப் பதிவு செய்தது. சில ஆண்டுகளிலேயே, 1861-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இத்தடை இடம்பெற்றது. தன் காவல்துறையைத் தானே நம்பாத ஓர் அரசு எழுதிய விதியை, அந்தக் காவல்துறையின் வழிவந்த அமைப்பு தரும் வாக்குமூலத்தை அப்படியே நம்பிப் படிக்கும் நாம் ஓட்டை என்கிறோம்.

நாளிதழில் வரும் புகைப்படம் செய்யும் சேதம் இதைவிட நுட்பமானது. நம்மில் பலர் அறியாதது. முன்பின் தெரியாத ஒருவர் குற்றம் செய்ததைக் கண்ட சாட்சி இருந்தால், சந்தேக நபரைக் கைது செய்தபின் அடையாள அணிவகுப்பு நடத்தப்படும். குற்றவியல் நடுவர் (மாஜிஸ்திரேட்) முன்னிலையில், ஏறக்குறைய ஒத்த வயதும் தோற்றமும் உடைய பலருக்கு நடுவே சந்தேக நபர் நிறுத்தப்படுவார். எந்த இடத்தில் நிற்பது என்பதை அவரே தெரிவு செய்யலாம். ஒரு சாட்சி பார்த்துச் சென்றபின், அடுத்த சாட்சி வருவதற்குள் இடம் மாறியும் நிற்கலாம். சாட்சிகள் ஒருவரோடு ஒருவர் பேசிவிடாதபடி தனித்தனியே அழைத்துவரப்படுவர். இவ்வளவு கவனத்தோடு நடக்கும் ஒரு நடைமுறையைப் பயனற்றதாக்கிவிட, முதல் நாள் செய்தியில் வெளியான ஒரே ஒரு தெளிவான படம் போதும். சாட்சி அடையாளம் காட்டியது சம்பவ இடத்தில் கண்ட முகத்தையா, கைப்பேசியில் கண்ட முகத்தையா என்ற கேள்வியை குற்றம் சாட்டப்பட்டவரின் வழக்கறிஞராக நான் எழுப்பியே தீர வேண்டும். அது என் கடமை. குற்றவாளியைத் தோலுரித்துக் காட்டுகிறோம் என்ற எண்ணத்தில் அப்படத்தைப் பகிர்ந்தவர்கள் உண்மையில் அரசுத் தரப்பின் வழக்கைத்தான் பலவீனப்படுத்தியிருப்பார்கள். காவல்துறை ஊடகங்களுக்கு எவற்றைச் சொல்லலாம், எவற்றைச் சொல்லக் கூடாது என்பதற்கான விரிவான கையேடு ஒன்றை உருவாக்குமாறு 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உள்துறை அமைச்சகத்துக்கு உத்தரவிட்டதன் பின்னணியில் இத்தகைய கவலைகளும் இருந்தன.

விசாரணையே வேண்டாம் என்ற மனநிலைக்கு இதிலிருந்து தொலைவு அதிகமில்லை. 2019 நவம்பர் இறுதியில் ஹைதராபாத் அருகே இளம் கால்நடை மருத்துவர் ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொலை செய்யப்பட்டார். கைதான நால்வரும் டிசம்பர் 6 அதிகாலையில், சம்பவ இடத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டபோது காவலர்களால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அந்த இடத்தில் திரண்டவர்கள் காவலர்கள்மீது பூக்களைத் தூவினர், இனிப்பு வழங்கினர். உச்ச நீதிமன்றம் அமைத்த, ஓய்வுபெற்ற நீதிபதி சிர்புர்கர் தலைமையிலான ஆணையத்தின் அறிக்கை 2022 மே மாதம் வெளியானபோது அந்த ஆரவாரத்தில் நூற்றில் ஒரு பங்குகூட எழவில்லை. சந்தேக நபர்கள் துப்பாக்கியைப் பறித்துச் சுட்டனர் என்ற காவல்துறைத் தரப்பை ஆணையம் நம்பவில்லை. கொல்லும் நோக்கத்தோடே சுடப்பட்டனர் என்றது. கொல்லப்பட்டவர்களில் மூவர் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் என்றும் முடிவு செய்தது. பத்துக் காவலர்கள்மீது கொலைக் குற்றத்துக்காக விசாரணை நடத்தப் பரிந்துரைத்தது. அந்த நால்வர்தாம் குற்றத்தைச் செய்தார்களா என்பதை எந்த நீதிமன்றமும் ஆராயவில்லை. இனி ஆராயவும் முடியாது. வேறு எவரேனும் அதில் பங்குபெற்றிருந்தால் அவரைத் தேட வேண்டிய அவசியமும் அன்று காலையோடு மறைந்துவிட்டது. வழக்கு நடைமுறையைத் தடையாகவும் அதை மீறும் காவலரை மீட்பராகவும் காட்டும் படங்கள் ஆபத்தான செய்தியைத் தருகின்றன என்று பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த கௌதம் படேல் 2023-இல் பேசினார். திரைப்படம் பார்த்துத்தான் காவலர்கள் சுடுகிறார்கள் என்று நான் சொல்லமாட்டேன். போலி மோதல்கள் (என்கவுன்டர்கள்) அத்தகைய படங்களுக்கு முந்தியவை. சுட்ட பிறகு கிடைக்கும் கைத்தட்டலுக்குத்தான் திரையரங்கில் ஒத்திகை நடக்கிறது.

ஊடகம் ஊட்டும் அச்சம் சட்டமாகவே உருவெடுத்ததற்கு அமெரிக்கா தெளிவான எடுத்துக்காட்டு. 1993 அக்டோபரில் கலிபோர்னியாவில் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி வீட்டிலிருந்து கடத்திக் கொல்லப்பட்டாள். கொன்றவர் ஏற்கெனவே கடத்தல் குற்றத்துக்காகத் தண்டனை பெற்று, பரோலில் வெளிவந்தவர். நாடே அச்செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்த சூழலில், மூன்றாம் முறை குற்றம் செய்பவருக்குக் குறைந்தது 25 ஆண்டு முதல் ஆயுள்வரை சிறை என்ற சட்டம் 1994 மார்ச்சில் வந்தது. முதல் இரண்டும் கடும் குற்றங்களாக இருக்க வேண்டும். மூன்றாவது அப்படி இருக்க வேண்டியதில்லை. எனவே, ஒவ்வொன்றும் 399 டாலர் மதிப்புள்ள மூன்று கோல்ஃப் மட்டைகளைக் கால்சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு நொண்டியபடி கடையைவிட்டு வெளியேறியவருக்கு 25 ஆண்டு முதல் ஆயுள்வரை தண்டனை கிடைத்தது. 2003-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் அதை உறுதி செய்தது. சுமார் 150 டாலர் மதிப்புள்ள வீடியோ நாடாக்களைத் திருடிய மற்றொருவருக்கு 50 ஆண்டு முதல் ஆயுள்வரை. கொல்லப்பட்ட சிறுமியின் தந்தை, வன்முறையற்ற குற்றங்களையும் உள்ளடக்குகிறது என்பதால் அச்சட்டத்துக்கான ஆதரவைப் பின்னர் விலக்கிக்கொண்டார் என்பதை அறிந்தவர் குறைவு. மூன்றாவது குற்றமும் கடுமையானதாகவோ வன்முறையானதாகவோ இருக்க வேண்டும் என்று பொது வாக்கெடுப்பின் மூலம் திருத்த 2012 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதே காலகட்டத்தில் அந்நாட்டில் வன்முறைக் குற்ற விகிதம் பெருமளவு சரிந்துகொண்டிருந்தது. ஆயினும் கேலப் நிறுவனத்தின் கருத்துக்கணிப்புகளில், பெரும்பாலான ஆண்டுகளில், குற்றம் கூடிவிட்டதாகவே பெரும்பான்மையினர் சொல்லிவந்தனர். தொலைக்காட்சியை அதிகம் பார்ப்பவர்கள் உலகத்தை உள்ளதைவிடக் கொடியதாகக் கருதுகின்றனர் என்று ஊடக ஆய்வாளர் ஜார்ஜ் கெர்ப்னர் தம் ஆய்வுகளின் வழியே 1970-களிலிருந்தே வாதிட்டுவந்தார்.

மக்கள் கோபத்திலிருந்து நல்ல சட்டமே பிறக்காது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். 2012 டிசம்பர் டெல்லிக் கொடுமைக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி ஜே. எஸ். வர்மா குழு ஒரு மாதத்துக்குள் அறிக்கை அளித்தது. அதைத் தொடர்ந்து வந்த 2013 திருத்தச் சட்டம் பாலியல் வன்கொடுமையின் வரையறையை விரிவாக்கியது. பின்தொடர்ந்து தொல்லை கொடுத்தல், மறைந்திருந்து பார்த்தல், அமில வீச்சு ஆகியவற்றைத் தனிக் குற்றங்களாக்கியது. இன்று என்னிடம் வரும் பெண்கள் பலருக்கு அப்பிரிவுகளே துணை. ஆனால் தெருவிலும் தொலைக்காட்சி விவாதங்களிலும் உரக்க ஒலித்த இரண்டு கோரிக்கைகளை அக்குழு ஏற்கவில்லை: வன்கொடுமைக்கு மரண தண்டனை, சிறாருக்கான வயது வரம்பைப் பதினாறாகக் குறைத்தல். முதலாவது, மரணம் விளைந்தால் போன்ற சில சூழல்களுக்கு 2013-லேயே சட்டமானது. இரண்டாவது, கொடுங்குற்றங்களைப் பொறுத்தமட்டில், பதினாறு முதல் பதினெட்டு வயதுள்ளோரைப் பெரியவர்களாகக் கருதி விசாரிக்க வழிசெய்யும் 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தில் இடம்பெற்றது. காவல்துறைச் சீர்திருத்தம் பற்றி அதே குழு எழுதியவை விவாத மேடையேறியதாக எனக்கு நினைவில்லை. அவற்றில் முகமும் இல்லை, வில்லனும் இல்லை.

கைதுக்குப் பின்னால் நடப்பதைக் காட்டத் துணிந்த கலைகளும் உண்டு. அவற்றின் விளைவு வேறு வகையானது. ஆங்கில எழுத்தாளர் ஜான் கால்ஸ்வொர்த்தி சிறைகளுக்கு நேரில் சென்று, தனிமைச் சிறையிலிருந்தோரிடம் பேசிய பின் எழுதிய நாடகம் 1910 பிப்ரவரியில் லண்டனில் அரங்கேறியது. அதில் ஒரு காட்சி முழுவதும் உரையாடலே இல்லை. கைதி ஒருவன் அறைக்குள் உலவுகிறான், காதுகொடுத்துக் கேட்கிறான், இறுதியில் கதவைக் கை முட்டிகளால் அறைகிறான். அப்போது உள்துறை அமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில், தொடக்கக்காலத் தனிமைச் சிறையைப் பெரும்பாலான கைதிகளுக்கு ஒரு மாதமாகக் குறைத்தார். நாடகத்துக்கும் அதில் பங்குண்டு என்பது பரவலாக ஏற்கப்பட்டது. தமிழில் 2021-இல் வந்த "ஜெய் பீம்" படத்துக்குப் பிறகு, காவல் நிலையத்தில் உறவினர் அடைத்துவைக்கப்பட்டதாக வருபவர்கள் ஆட்கொணர்வு மனு (அடைத்துவைக்கப்பட்டவரை நீதிமன்றத்தின் முன் கொண்டுவரக் கோரும் மனு) பற்றித் தாங்களே கேட்கின்றனர்; அதற்கு முன் அச்சொல்லை நான்தான் விளக்க வேண்டியிருந்தது. அதே படத்துக்குக் கண்கலங்கியவர்கள் அடுத்த மாதம் மோதல் கொலைப் படத்துக்கு விசிலடிப்பதையும் பார்க்கிறோம். நம் அனுதாபம் கேமரா நிற்கும் பக்கம் நிற்கிறது.

ஆகவே நல்ல கலைமீதும் எனக்கு முழு நிம்மதி இல்லை. பிரிட்டனில் அஞ்சல் நிறுவனத்தின் ஹொரைசன் கணினி மென்பொருள் தவறான பற்றாக்குறைக் கணக்கைக் காட்டியதால், துணை அஞ்சலகங்களை நடத்திய 900-க்கும் மேற்பட்டோர் திருட்டு, பொய்க்கணக்கு முதலிய குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டனர். மென்பொருளின் கோளாறுபற்றி ஒரு கணினித்துறை இதழ் 2009-லேயே எழுதியது. 2019 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2021 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 39 பேரின் தண்டனையை ஒரே நாளில் ரத்து செய்தது. இவற்றால் அசையாத அரசு, 2024 ஜனவரி முதல் வாரத்தில் நான்கு பகுதித் தொலைக்காட்சி நாடகம் ஒன்று ஒளிபரப்பானதும், அடுத்த வாரமே சட்டம் கொண்டுவருவதாக அறிவித்தது. மே 24 அன்று தண்டனைகளைக் கூட்டாக ரத்து செய்யும் சட்டம் நிறைவேறியது. மகிழ வேண்டியதுதான். ஆயினும், பல ஆண்டு ஆவணங்களாலும் தீர்ப்புகளாலும் முடியாததை நான்கு இரவு நாடகம் செய்ததென்றால், நாடகமாகும் தகுதியற்ற வழக்குகளில் சிக்கியவர்கள் என்ன செய்வது? 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தோரில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் விசாரணைக் கைதிகள். பிணை கிடைத்தும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் உள்ளே இருப்பவரைப் பற்றி மூன்று மணி நேரப் படம் எடுக்க எவரும் முன்வரமாட்டார். அதில் நடப்பது ஒன்றுமே இல்லை.

நடைமுறையில் சில செய்திகளைச் சொல்ல வேண்டும். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவின்படி இரண்டு ஆண்டுவரை சிறைத் தண்டனைக்குரியது. சமூக ஊடகத்தில் பதிவிடுவதும் வெளியீடுதான், "நீதி வேண்டும்" என்று சேர்த்து எழுதுவதால் விலக்குக் கிடைக்காது. உங்கள் குடும்பத்தில் ஒருவர் கைதானால், எதிர்த்தரப்பின் பேட்டிக்குப் பதில் பேட்டி கொடுப்பதைவிட, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் அவர் நடுவர்முன் நிறுத்தப்பட்டாரா என்பதைக் கவனிப்பது மேல். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாவிட்டால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்.

விடுதலையானவர்களுக்கு வரும் சிக்கல் வேறு. கைதானபோது படத்தோடு வந்த செய்தி இணையத்தில் அப்படியே இருக்கும். விடுதலைச் செய்தி பெரும்பாலும் வந்தே இருக்காது. வேலைக்கும் திருமணத்துக்கும் விசாரிப்பவர்கள் முதலில் தேடிப்பார்ப்பது அந்தப் பழைய செய்தியைத்தான். இணையத்தில் உள்ள தீர்ப்பு ஒன்றை நீக்குமாறு சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுக்கு 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. நீதிமன்றம் வழியாகப் பெயரை நீக்குவது எளிதான காரியமன்று. ஆகவே நான் சொல்வது சிறிய வழிதான்: தீர்ப்பின் சான்றிட்ட நகலைப் பெற்று, செய்தி வெளியிட்ட நாளிதழின் ஆசிரியருக்குப் பதிவஞ்சலிலும் மின்னஞ்சலிலும் அனுப்பி, பழைய செய்தியின் கீழேயே வழக்கின் முடிவை ஒரு வரியில் சேர்க்குமாறு கேளுங்கள். நீக்கச் சொன்னால் மறுக்கும் ஆசிரியர்களில் சிலர், சேர்க்கச் சொன்னால் இசைகிறார்கள்.