மழை விட்ட மறுநாள் சுவரைப் பாருங்கள்

பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். மழைக்காலம் எங்களுக்கு நஷ்டக் காலம்தான். ஆனாலும் ஐப்பசி, கார்த்திகையில் சென்னை ஜார்ஜ் டவுன் பக்கம் போக வேண்டி வந்தால் உள்ளூர ஒரு சந்தோஷம். இரண்டு நாள் விடாமல் பெய்து ஓய்ந்த காலையில் தம்புச்செட்டித் தெருவிலோ ஆதியப்ப நாயக்கன் தெருவிலோ நடந்தால், போன வாரம் வரை வெறும் வெள்ளையாக இருந்த சுவரில் எழுத்துகள் தெரியும். ஈரம் ஊறிய சுண்ணாம்புப் பூச்சு அடியில் இருப்பதைக் கொஞ்சம் காட்டிக் கொடுத்துவிடும். வெயில் ஏறினால் மறுபடி வெள்ளை.

அப்படி ஒரு காலையில் ஒரு வீட்டின் பக்கச் சுவரில் 'சோடா, கலர்' என்று படித்தேன். ஆளுயர எழுத்து. 'ச'வின் வலதுபக்கம் முழுக்கக் கறுப்பு ஷேடு அடித்து, சுவரிலிருந்து வெளியே நிற்பதுபோல எழுதியிருந்தார் யாரோ. நூலில் நீலப்பொடி தடவி இழுத்து அடித்த கோடுகூட ஓர் ஓரத்தில் மிச்சம் இருந்தது. அந்தக் கோட்டின் மேல்தான் எழுத்துகள் எல்லாம் பிசகாமல் உட்கார்ந்திருந்தன.

சுண்ணாம்பு ஆண்டுக்கு ஆண்டு மழையில் கரையும், மறுபடி அடிப்பார்கள். எழுத்து மட்டும் எப்படிப் பிழைத்தது? அன்றைய பெயின்ட் ஆளிவிதை எண்ணெயில் குழைத்தது. வெள்ளைக்கு ஈய வெள்ளை, பளிச்சென்ற மஞ்சளுக்கு ஈயம் கலந்த குரோம் மஞ்சள். இரண்டும் காரையைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். பெயின்ட் உதிர்ந்துபோன இடத்திலும், அத்தனை காலம் அது மூடியிருந்ததால் அடியில் இருந்த காரை மற்ற இடம்போல வெயில் மழையில் தேயாமல் எழுத்தின் தடத்தைக் காட்டும்.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம். அந்த அழகுக்குக் காரணமான அதே ஈயம்தான் ஆபத்தும். தொழிலுக்கு வந்த புதிதில் இப்படி ஒரு சுவரைக் கிரைண்டர் வைத்துத் தேய்க்கச் சொன்னவன் நான். பையன் துண்டை மூக்கில் சுற்றிக்கொண்டு தேய்த்தான். மஞ்சள் தூசி மாடிவரை பறந்தது. மாடியில் குடித்தனம், கொடியில் குழந்தைத் துணிகள். மதியம் அந்தப் பையன் கையைச் சும்மா உதறிவிட்டுப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட உட்கார்ந்தான். எழுத்தும் போயிற்று. அந்தத் தூசியில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரிய வந்தது ரொம்பக் காலம் கழித்துத்தான்.

குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் இவ்வளவுவரை இருக்கலாம் என்று சொல்லத்தக்க பாதுகாப்பான அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். வீட்டு பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று நம் நாட்டில் விதி வந்தது 2016-இல். நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். அதற்கு முன் அடித்த எந்த எனாமல் பெயின்ட்டையும் சந்தேகத்தோடுதான் தொட வேண்டும். உலர்வாகத் தேய்க்கவே கூடாது. தீ வைத்துச் சுட்டு உரிக்கவும் கூடாது, புகையிலும் ஈயம் போகும். உரித்தே ஆக வேண்டிய இடத்தில் தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, கீழே பிளாஸ்டிக் தாள் விரித்துச் சுரண்டுங்கள். துண்டு போதாது, என்100 அல்லது பி100 ரக முகக்கவசம் வேண்டும். கை கழுவாமல் சாப்பாட்டைத் தொடக் கூடாது. வேலைத் துணியை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள்.

அதைவிடச் சுலபமான வழி, சும்மா விட்டுவிடுவது. உதிராமல் ஒட்டிக்கொண்டிருக்கும் எழுத்தை மென்மையான பிரஷ்ஷால் தட்டி, போட்டோ எடுத்து, அளவு குறித்துவைத்தால் போதும். அதன்மேல் பிளாஸ்டிக் எமல்ஷன் மட்டும் அடிக்காதீர்கள். சுண்ணாம்புக் காரைக்குள் ஏறிய ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்புப் பூத்து, காரையோடு பெயர்ந்து விழும். பிறகு எழுத்தும் இல்லை, சுவரும் இல்லை.

எப்போது எழுதியது என்று கண்டுபிடிப்பது தனி ருசி. ஆறு இலக்க பின்கோடு முழுசாக இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது. விலை, அணாவுக்குப் பதிலாக வந்த நயா பைசாவில் இருந்தால் பெரும்பாலும் 1957-க்கும் 1964-க்கும் நடுவில். 'லை', 'னை' எழுத்துகளுக்கு யானைத் துதிக்கைபோலச் சுழி இருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியதாக இருக்கலாம். 'இருக்கலாம்'தான், கை பழகிய பெயின்டர்கள் அதற்கு அப்புறமும் பழையபடியே எழுதினார்கள். கீழ் மூலையைப் பார்க்க மறக்காதீர்கள். 'ஆர்ட்ஸ்' என்று முடியும் ஒரு பெயர் விரல்கடை உயரத்தில் இருக்கும். ஃபிளெக்ஸ் பேனர் வந்தபின் அந்தப் பெயர்களில் பாதிக்கு வேலை இல்லை.

தகட்டு போர்டு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஏமாறுகிறவர்கள் அதிகம். பழைய எனாமல் போர்டு என்பது இரும்புத் தகட்டின்மேல் கண்ணாடிப் பொடியைப் பூசி 800 டிகிரி வாக்கில் சுட்டது. ஒவ்வொரு நிறமும் தனித்தனிச் சூடு. அதனால் நகத்தால் வருடினால் எழுத்தின் விளிம்பு தட்டுப்படும். ஆணி ஓட்டையைச் சுற்றிச் சில்லு பெயர்ந்து, அங்கேதான் துரு இருக்கும். போர்டு முழுக்க ஒரே மாதிரி துருப்பிடித்திருந்தால் நேற்று செய்து ஆசிட்டில் முக்கியதாக இருக்கும். காயலான் கடையில் நிஜமானதே கிடைத்தால் ஆசிட், உப்புத்தாள் எதுவும் வேண்டாம். சோப்புத் தண்ணீரில் துடைத்து, சில்லுபோன இடத்தில் மெழுகு தடவுங்கள்.

சோடா சுவருக்கு வருகிறேன். வீட்டுக்காரப் பெரியவர் சுவரைச் சுத்தமாக உரித்துத் தரச் சொன்னார். மாடியில் பேரக் குழந்தைகள் இருப்பதைச் சொல்லி, அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதற்குச் சுண்ணாம்பு அடிக்கலாம் என்றேன். "என்னமோ செய்யுங்க தம்பி. எங்கப்பா கடை நடத்தினது அங்கதான், ஆனா இது எம்ஜிஆர் ஆட்சியில எழுதினது, அவ்வளவு பழசில்ல" என்றார். நான் வாதாடவில்லை.

அடுத்த கார்த்திகையில் அவரே போன் செய்தார். மழையில் இன்னொரு வரி தெரிகிறதாம், கண்ணாடி போட்டும் படிக்க முடியவில்லையாம். போய்ப் பார்த்தேன். 'கலர்' என்பதற்குக் கீழே, என் உள்ளங்கை அகலத்தில், '2 அணா'.

"அப்போ நான் கைக்குழந்தை" என்றார் பெரியவர்.