ஊர்ப்பெயர் ஈறுகள்: வில், டன், செஸ்டர்

ஊர்ப்பெயரின் வாலில் நிற்கும் சொல்லை ஈறு என்றோ பின்னொட்டு என்றோ சொல்லலாம். ஊர்ப்பெயர் ஆய்வாளர்கள் பொதுக்கூறு என்பார்கள். ஐரோப்பிய ஊர்ப்பெயர்களின் ஈறுகளுக்குத் தமிழில் எந்தச் சொல் பொருந்தும் என்று பார்ப்போம்.

பிரெஞ்சில் 'வில்' என்றால் இன்று நகரம். ஆனால் அதன் வேரான லத்தீன் 'வில்லா' குறித்தது, பண்ணை வீட்டையும் அதைச் சேர்ந்த நிலத்தையும்தான். வட பிரான்சின் நார்மண்டியில் அந்தப் பழைய பொருள் அப்படியே தங்கிவிட்டது. டோக்வில் என்பது டோக்கியின் பண்ணை. டோக்கி என்பது, ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல் கடந்து வந்த வைக்கிங்குகளிடையே வழங்கிய ஆள்பெயர். வந்தவன் பெயர் முன்னே, இருந்தவர்களின் சொல் பின்னே!

சுதந்திரப் போரில் பிரான்சு துணை நின்ற பிறகு அமெரிக்காவில் வில் பெருகியது. லூயிவில், பதினாறாம் லூயி மன்னரின் பெயரைத் தாங்கியது. நாஷ்பரோ 1784இல் ஆங்கில 'பரோ'வை உதறிவிட்டு நாஷ்வில் ஆனது. நம் பக்கத்திலும் ஒன்று உண்டு: 1968இல் தொடங்கிய ஆரோவில். இந்தப் புதிய ஊர்களில் நகரம் என்ற பொருளே சரி. பழைய ஊர்களுக்குப் 'பண்ணை' பொருந்தும்.

ஆங்கில 'டன்' இன்னும் சுவையானது. பழைய ஆங்கிலத்தில் 'டூன்' என்றால் அடைப்பு, வேலியிட்ட இடம். அதன் உறவான ஜெர்மன் சொல்லுக்கு இன்றும் வேலி என்றுதான் பொருள். டச்சுச் சொல்லுக்குத் தோட்டம். வேலிக்குள் பண்ணை வந்தது, பண்ணை ஊரானது, ஊர் 'டவுன்' ஆனது. பிரைட்டன், பேயர்ஹ்ட்ஹெல்ம் என்பவரின் அடைப்பு. அத்தனை நீளப் பெயரை யார் சுமப்பது, தேய்த்துவிட்டார்கள். தமிழில் இதற்குப் 'பட்டி'யை விட நல்ல சொல் கிடையாது. ஆடுமாடு அடைக்கும் இடமும் பட்டிதான், கோவில்பட்டியும் பட்டிதான்.

'செஸ்டர்' லத்தீன் 'காஸ்ட்ரா', படைமுகாம். மான்செஸ்டர், வடக்கே லங்காஸ்டர் இரண்டும் ரோமானியப் படை தங்கிய இடங்கள். நேர்ச்சொல் 'பாளையம்'. கோவையைத் தென்னிந்திய மான்செஸ்டர் என்பது பஞ்சாலைகளால். ஆனால் அதைச் சுற்றித்தான் எத்தனை பாளையங்கள்!

வைக்கிங்குகள் இங்கிலாந்தில் விட்டுச்சென்ற 'பி' (டார்பி, விட்பி, கிரிம்ஸ்பி) குடியிருத்தல் என்ற வினையிலிருந்து வந்தது. அதனால் 'குடி'.

பிரான்சின் 'ஆக்', 'இ' இரண்டுக்கும் இப்படி ஊர்ச்சொல் தேட வேண்டாம். இரண்டும் 'இன்னாருடையது' என்று காட்டிய கெல்டியம் என்ற பழைய மொழியின் ஒரே விகுதியின் தேய்வுகள். தெற்கே ஓரியாக், பாரிசை ஒட்டி விமான நிலையம் உள்ள ஓர்லி: இரண்டுக்கும் பழைய பெயர் 'அவ்ரேலியாகும்', அதாவது அவ்ரேலியசின் நிலம்.