மாட்டிறைச்சி வெந்தது, மருத்துவர் வேகவில்லை

லண்டன் மருத்துவர் சார்லஸ் பிளாக்டன், கொதிநிலையைத் தாண்டச் சூடேற்றிய அறைக்குள் போய்விட்டு வந்த அனுபவத்தை 1775-இல் ஓர் ஆய்வறிக்கையாக வெளியிட்டார். கூடவே முட்டையும் மாட்டிறைச்சித் துண்டும் வைத்திருந்தார். அவை வெந்துபோயின. அவர் வியர்த்து வழிந்தபடி நலமாக வெளியே வந்தார். துருத்தியால் காற்றை ஊதியபோது இறைச்சி இன்னும் விரைவாக வெந்தது என்றும் குறித்து வைத்தார். சூடேற்றிய அறையில் உட்கார்ந்து வியர்க்கும் பின்லாந்துக் குளியலான சவுனாவின் இயற்பியல் ஏறக்குறைய முழுவதும் இந்தச் சோதனைக்குள் அடங்கிவிடுகிறது.

பின்லாந்துச் சவுனாவில் வெப்பம் வழக்கமாக 80 முதல் 100 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். அதே சூட்டில் இருக்கும் தண்ணீரில் விரலை வைத்தால் நொடியில் கொப்புளம்தான். காற்றோ வெப்பத்தைக் கைமாற்றுவதில் படு சோம்பேறி. போதாக்குறைக்குத் தோலை ஒட்டி மெல்லிய காற்றுப்படலம் ஒன்று குளிர்ந்து நிற்கிறது. உள்ளே உட்கார்ந்து உங்கள் கையில் நீங்களே ஊதிப் பாருங்கள், சுரீர் என்று சுடும். ஊதியது உங்கள் மூச்சாக இருந்தாலும், அந்தப் படலம் கலைந்துவிடுகிறது. மீதி வேலை வியர்வையுடையது. அது ஆவியாகும்போது தோலிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது.

சவுனா அடுப்பின் மேல் இருக்கும் சூடான கற்களில் தண்ணீர் ஊற்றியதும் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. எழும் நீராவியை பின்லாந்துக்காரர்கள் 'லொய்லு' என்கிறார்கள். அறையிலேயே குளிர்ச்சியான பரப்பு உங்கள் தோல்தான் என்பதால், நீராவி அதன்மேல் நீராகப் படிந்து ஆவியானபோது உள்வாங்கிய வெப்பத்தை, அதாவது தன் உள்ளுறை வெப்பத்தை, கொட்டுகிறது. வியர்வை என்று நாம் நினைத்துத் துடைப்பதில் ஒரு பங்கு இப்படிப் படிந்த நீர்.

உடையை இதிலிருந்தே முடிவு செய்யலாம். பின்லாந்தில் குடும்பத்தோடு ஆடையின்றி உட்காருவது இயல்பு. கூச்சமிருந்தால் பருத்தித் துண்டு போதும். உடலை இறுக்கும் செயற்கை இழைத் துணி வியர்வை ஆவியாவதைத் தடுக்கிறது. சங்கிலி, மோதிரம், உலோகச் சட்டமிட்ட மூக்குக்கண்ணாடி எல்லாம் வெளியே இருக்கட்டும். மரப்பலகையும் அதில் அடித்த ஆணியும் ஒரே சூட்டில்தான் இருக்கின்றன. ஆனால் ஆணிதான் சுடும், உலோகம் வெப்பத்தை அவ்வளவு வேகமாகக் கடத்துவதால். பலகையில் துண்டை விரித்து உட்காருவது தூய்மைக்காகவும்தான். பார்க்க வேடிக்கையாக இருக்கும் கம்பளித் தொப்பியை நான் கேலி செய்யமாட்டேன். சூடான காற்று மேலே ஏறுவதால் தலைதான் அதிகம் சுடப்படுகிறது. கம்பளி அதை அணைகட்டித் தடுக்கிறது.

உள்ளே இதயம் நிமிடத்துக்கு 100 தடவைக்கு மேல் துடிக்கும். தோலின் இரத்தக்குழாய்கள் விரிந்து இரத்த அழுத்தம் இறங்குவதால் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். கீழ்ப்பலகையில் சற்று உட்கார்ந்துவிட்டு எழுவது நல்லது. பத்துப் பதினைந்து நிமிடம் தாராளம், பிறகு தண்ணீர். அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் நுழையக் கூடாது. மது கூடவே கூடாது: அது இரத்த அழுத்தத்தை இன்னும் இறக்கும், வெளியேற வேண்டும் என்ற எச்சரிக்கை உணர்வையும் மழுங்கடிக்கும்.

பின்லாந்தின் ஹெய்னோலா நகரில் 1999 முதல், யார் அதிக நேரம் தாக்குப்பிடிக்கிறார்கள் என்று உலகப் போட்டியே நடத்தினார்கள். 110 டிகிரி, அரை நிமிடத்துக்கு ஒருமுறை கற்களில் அரை லிட்டர் தண்ணீர். வியர்வை ஆவியாவதற்கு வழியே இல்லாத அறை. 2010 இறுதிச் சுற்றில் சுமார் ஆறு நிமிடத்தில் இருவர் சரிந்தார்கள், ஒருவர் இறந்தார். அதன்பின் அந்தப் போட்டி நடக்கவில்லை.