இரட்டையரில் ஒருத்திக்கு மட்டும் ஏன்?

கல்லிடைக்குறிச்சியில் என் சித்திக்கு இரட்டைப் பெண்கள். முகம், குரல், நடை எல்லாம் அச்சு அசல் ஒன்று. இருவரும் வீட்டிலேயே அப்பளம் இடுவார்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சித்திரை மாதத்தில் இளையவள், குழவியை உருட்டிக்கொண்டே, "மாவு விரலில் படுவதே தெரியவில்லை" என்றாள். மொட்டைமாடியில் அப்பளத்தைக் காயப்போட்டுவிட்டு இறங்கியபோது வலக்கண் மங்கியது. நிழலில் உட்கார்ந்த சிறிது நேரத்தில் தெளிந்தது. ஆச்சி "வெயில் கொடுமை" என்றாள். ஸ்கேன் எடுத்தபின் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று தெரிந்தது. "மூத்தவளுக்கும் வந்துவிடுமா?" என்று சித்தி அன்று கேட்க ஆரம்பித்தாள்.

நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்ற கொழுப்புறை இருக்கிறது. அது இருந்தால் செய்தி இடைநில்லாப் பேருந்துபோல் விரையும். இந்த நோயில் உடலின் நோய் எதிர்ப்புப் படையே மூளையிலும் தண்டுவடத்திலும் அந்த உறையை அரித்துவிடுகிறது. உறை சிதைந்த நரம்பில் உடற்சூடு கொஞ்சம் ஏறினாலும் செய்தி தடுமாறும். 1890-லேயே உட்ஹாஃப் என்ற ஜெர்மன் மருத்துவர் இதைக் குறித்துவைத்தார். ஆச்சி சொன்னதிலும் பாதி உண்மை இருந்தது.

சித்தியின் கேள்விக்கு வருகிறேன். ஒரே கருவில் பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு இந்நோய் இருந்தால், மற்றவருக்கும் வருவது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு என்று கனடாவில் நடந்த ஆய்வுகள் காட்டின. மரபணுக்கள் அத்தனையும் ஒன்றாக இருந்தும் நால்வரில் மூவர் தப்பிவிடுகிறார்கள்.

எங்கள் ஊர் வழியாகக் கன்னடியன் கால்வாய் ஓடுகிறது. வாய்க்காலில் தண்ணீர் நிறைந்து போனாலும், மடை திறந்த வயலில்தான் பயிர் நனையும். மரபணுக்களும் அப்படித்தான். ஈரல் செல்லிலும் மூளைச் செல்லிலும் இருப்பது ஒரே டிஎன்ஏ. எந்த மரபணுவின் மடை எங்கே திறந்திருக்கிறது என்பதுதான் வேறுபாடு. டிஎன்ஏவின் எழுத்து மாறாமல் மடையை மட்டும் திறந்து மூடும் ஏற்பாட்டை ஆராய்வதே எபிஜெனெடிக்ஸ். மெதில் என்ற சின்னஞ்சிறு வேதிக் குழு, ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும், மரபணுவின் வாசலில் ஒட்டிக்கொண்டால் பெரும்பாலும் மடை அடைபடும்.

இந்த நோயாளிகளின் மூளையில் இதைக் கண்ணெதிரே பார்க்க முடிந்தது. பிஏடி2 என்ற மரபணுவின் வாசலில் மெதில் குறைந்திருந்தது. மடை திறந்து, அது உண்டாக்கும் நொதி பெருகியது. மயலின் அடுக்குகளைச் சேர்த்து ஒட்டவைக்கும் ஒரு புரதத்திலிருந்து அந்த நொதி நேர்மின்னேற்றத்தைக் களைந்துவிடும். எதிர்மின்னேற்றம் கொண்ட கொழுப்பைப் பற்றும் பிடி தளர்ந்து, அடுக்குகள் நெகிழும். வெள்ளணுக்களிலும் ஒரு தடம் உண்டு: இந்நோய்க்கான முக்கிய ஆபத்து மரபணு ஹெச்எல்ஏ-டிஆர்பி1 வகை 15:01. அதைச் சுமப்பவர்களின் மோனோசைட்டு என்ற வகை வெள்ளணுக்களில் அந்த மரபணுவின் ஒரு பகுதியில் மெதில் குறைவாகவும், மரபணுவின் செயல் மிகையாகவும் இருந்ததை 2018-இல் கண்டார்கள். ஆனால் ஒருவருக்கு நோய் இருந்து மற்றவர் நலமாக இருந்த 45 ஜோடி ஒத்த இரட்டையரை 2019-இல் ஒப்பிட்டபோது, கிடைத்த வேறுபாடுகள் மிகச் சிறியவையே. அவற்றில் சில, உட்கொண்ட மருந்துகள் விட்டுச்சென்ற தடங்கள். விளைவையே காரணம் என்று எண்ணிவிடும் ஆபத்து இங்கே எப்போதும் உண்டு.

இதற்கிடையில் ஒரு உறவினர், "இது தாய்வழியாக வரும் நோயாம்" என்று சித்தியின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். சித்தி அன்று சாப்பிடவில்லை. எனக்கு அடங்காத கோபம் வந்தது, ஏனென்றால் அந்தப் பேச்சின் அடியில் ஒரு உண்மையான ஆய்வு திரிந்து கிடக்கிறது. கனடாவில் ஜார்ஜ் ஈபர்ஸ் குழு 2004-இல் நோயாளிகளோடு தாயோ தந்தையோ ஒருவர் மட்டும் பொதுவான உடன்பிறப்புகளைக் கணக்கெடுத்தது. தாய் மட்டும் பொதுவானால் 2.35 விழுக்காட்டினருக்கு நோய். தந்தை மட்டும் பொதுவானால் 1.31. ஏன்?

ஒரு விளக்கம் ஜீனோமிக் இம்ப்ரின்டிங், அதாவது முத்திரையிடல். பெரும்பாலான மரபணுக்களில் தாய் தந்த பிரதியும் தந்தை தந்த பிரதியும் வேலை செய்யும். மனிதரில் நூறு வரையிலான மரபணுக்களில் மட்டும், முட்டையிலோ விந்திலோ இட்ட மெதில் முத்திரை, அந்த இரு பிரதிகளில் ஒன்றை உறங்கவைக்கும். 1984-இல் எலிக் கருக்களில் இது வெளிப்பட்டது: இரண்டு தாய்ப் பங்கு மட்டுமோ, இரண்டு தந்தைப் பங்கு மட்டுமோ கொண்ட கரு வளர்ந்து பிறக்கவில்லை. இருவரின் முத்திரையும் வேண்டியிருந்தது.

ஆனால் ஈபர்ஸின் கணக்கு முத்திரையை நிரூபித்துவிடவில்லை. கருப்பையின் சூழலும் தாய்வழியேதான் வரும். 2.35 விழுக்காடு என்றால் நூறில் தொண்ணூற்றேழு பேருக்கு மேல் நோய் வரவில்லை. முத்திரை எவர் கையெழுத்துமல்ல. எந்தத் தாயும் அறிந்தோ தெரிந்தோ இடுவதுமில்லை. பீடி, சிகரெட், வைட்டமின் டி குறைவு, எப்ஸ்டீன்-பார் வைரஸ் எல்லாம் ஆபத்தோடு தொடர்புள்ளவை. அந்த உறவினருக்கு இதையெல்லாம் உட்கார்த்திச் சொன்னேன்.

மூத்தவளுக்கு இதுவரை ஒன்றும் இல்லை. காலை எட்டு மணிக்குள் அவளே மாடியேறி அப்பளத்தை விரித்துவிடுகிறாள். இளையவள் கீழே முற்றத்து நிழலில் மாவு பிசைகிறாள். மாத்திரை நேரத்துக்குச் சித்தி அலாரம் வைத்திருக்கிறாள்.